சாட்சி ஊரில் இல்லை

பதினாறாம் நாள் காரியச் சாப்பாடு. ரச வாளி வரிசையில் வந்துகொண்டிருக்கிறது. இறந்தவரின் தம்பி கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். எதிர் மேசையில் ஒரு பையன், இலைக்கு அடியில் கைப்பேசியை ஒளித்துவைத்து மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுகிறான். அது போதும் எங்கள் தோட்டத்து அண்ணனுக்கு.

"தம்பி, என்ன ரேங்க்?"

"எப்பிக், மாமா."

"எப்பிக்கா? பரவால்ல. நாங்கள்லாம் கொண்ட்ராவ ஒத்த உயிர்ல முடிச்சவங்க. முப்பது உயிர் போடாம. கேட்டுப் பாரு."

எனக்கு ரசம் இறங்கவில்லை. இந்தக் "கேட்டுப் பாரு"வை முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கலும்பாங்கில் கல்யாணமோ கருமாதியோ, திருவிழா அன்னதானமோ, எங்கே பத்து நாற்காலி போட்டாலும் அதில் ஒன்றில் இது உட்கார்ந்திருக்கும்.

யாரைக் கேட்பது என்பதுதான் சங்கதி. முதல் சாட்சி கிராணி மகன். அவர் பெர்த்துக்குக் குடிபோய் இருபது வருடமாகிறது. இரண்டாம் சாட்சி சீனர் மளிகைக் கடைப் பையன். கடையும் இல்லை, பையனும் இல்லை. மூன்றாம் சாட்சி மண்டோர் மாமா. "நேர்ல நின்னு பார்த்தாரு. டேய், நீ மனுஷனாடான்னு கேட்டாரு" என்பார் அண்ணன். மாமா 2001இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு தீபாவளிக்குச் சாட்சிப் பஞ்சம் முற்றிப்போய், கிராணி வீட்டு நாயையும் பட்டியலில் சேர்த்தார். "கருப்பன்கூட வால ஆட்டாம பார்த்துக்கிட்டு நின்னுச்சு." சம்பவம் நடந்த லயத்தையாவது போய்ப் பார்க்கலாம் என்றால், அதை இடித்துச் செம்பனை நட்டு, அந்தச் செம்பனைக்கும் வயதாகி மறுநடவும் முடிந்துவிட்டது.

நோக்கியா 3310இல் பாம்பை வளர்த்துத் திரை முழுக்க நிறைத்தது இன்னொரு கதை. அதற்குச் சாட்சி அந்தப் போன்தான். போன் பெர்ணாம் ஆற்றில் விழுந்துவிட்டது.

இளசுகளுக்காக இரண்டு வார்த்தை. அப்போது வீட்டில் வைத்து ஆடிய டிவி கேம் பெட்டிக்கு மைக்ரோ ஜீனியஸ் என்று பெயர். மேலே கேசட்டைச் செருக வேண்டும். செருகுவதற்கு முன் அதன் வாயில் ஊத வேண்டும். ஏன் ஊதினோம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது, ஆனால் ஊதாமல் ஒருவரும் செருகியதில்லை. கேசட் அட்டையில் 99 ஆட்டம் என்று போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஆறேழு ஆட்டம்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அண்ணனின் பேச்சும் அந்தக் கேசட்டைப் போலத்தான்.

கொண்ட்ரா, ஜப்பானின் கொனாமி கம்பெனி 1988இல் வீட்டுப் பெட்டிக்கு இறக்கிய ஆட்டம். எட்டுக் கட்டம், மூன்று உயிர். ஒரு குண்டு உரசினாலே ஓர் உயிர் போய்விடும். சாதாரண மனிதப் பிறவிகள் இரண்டாம் கட்டத்திலேயே மூன்றையும் தொலைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்கள். இதற்கொரு ரகசிய வழி உண்டு. தொடக்கத் திரையில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும். தேவாரம் மனப்பாடம் ஆகாத பையன்களுக்கெல்லாம் இது ஆகியிருந்தது. இந்த வழியை உண்டாக்கியவர் அந்தக் கம்பெனியின் கசுஹிசா ஹாஷிமோத்தோ. 1986இல் கிரேடியஸ் என்ற வேறோர் ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. தான் செய்த ஆட்டத்தைத் தன்னாலேயே தாண்ட முடியாமல், தனக்காக இந்தக் குறுக்கு வழியை வைத்துக்கொண்டார். செய்தவருக்கே தேவைப்பட்டது. எங்கள் தோட்டத்து அண்ணனுக்கு மட்டும் தேவைப்படவில்லை.

சரி, அந்த இரவுக்கு வருவோம். 1994, பள்ளி விடுமுறை. எங்கள் தோட்டத்தில் ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். ஆட்டத்தைப் பாதியில் சேமித்துவைக்கிற வசதி கொண்ட்ராவில் கிடையாது. ஒன்பதே முக்காலுக்கு அண்ணன் எட்டாம் கட்டத்தில் நுழைந்தார். இதுவரை உண்மை. கடைசியில் ஒரு பெரிய இதயம் துடித்துக்கொண்டிருக்கும், அதைச் சுட்டு வெடிக்க வைத்தால் ஆட்டம் முடிந்தது. அண்ணன் சுட்டார், சுட்டார், சுட்டுக்கொண்டே இருந்தார். ஜெனரேட்டர் நின்றது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கிக் காணாமல் போனது. இருட்டுக்குள் ஒரு குரல்.

"முடிச்சிட்டேன்! பார்த்தீங்களா? வெடிச்சிருச்சு!"

யாரும் எதுவும் பார்க்கவில்லை. நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். மண்டோர் மாமா அந்தப் பக்கம் வரவே இல்லை. கருப்பன் வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒத்த உயிர் என்பதைப் பற்றியும் எனக்கு ஒரு கணக்கு உண்டு. நான் எண்ணிய வரைக்கும் ஒன்பது முறை செத்தார். ஒருமுறை பள்ளத்தில் விழுந்தபோது "செத்துட்டீங்கண்ணே" என்றேன். "அது சாவு இல்லடா, மெஷின் கோளாறு" என்றார். மற்ற எட்டும் அதே கோளாறாக இருக்கலாம்.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். மூன்றாம் கட்டத்து அருவியைத்தான் மன்னிக்க முடியாது. அதில் பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். இரண்டு பேர் ஆடும்போது ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் அவனோடு மேலே போகும், கீழே நிற்பவன் திரையின் அடிவிளிம்பில் மாட்டிச் சாவான். அண்ணன் எப்போதும் நீலக் கால்சட்டை, முதல் ஆள். சிவப்புக் கால்சட்டைக்காரன் நான். "அண்ணே, நில்லுங்கண்ணே" என்பேன். நிற்க மாட்டார். செத்துப் பிறப்பேன், பிறந்து சாவேன். மூன்று உயிரும் போனதும் கையிலிருக்கும் ஜாய்ஸ்டிக்கை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, "நீ இன்னும் பழகணும்" என்பார். எங்கே பழகுவது? பெட்டி அவர் வீட்டில். கேசட் மட்டும் எல்லோருடையதும். 25 வெள்ளி, ஐந்து பேர், தலைக்கு ஐந்து வெள்ளி. என் ஐந்து வெள்ளி, அம்மா விடியற்காலை பால் வெட்டிய காசு. அதற்கு நான் ஆடியது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். இதை நான் சிரிப்புக்காக எழுதவில்லை.

இப்போது அண்ணனுக்கு நாற்பத்தேழு வயது. தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். காலை ஐந்தரைக்கு தாமான் முனையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பார். யாராவது ஒரு அக்கா தலைகூட வாராமல் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடி வரும்வரை வண்டியை எடுக்க மாட்டார். "ரெண்டு நிமிஷம் நின்னா என்ன, பாவம்" என்பார். அருவியில் இரண்டு விநாடி நிற்காத மனிதர். எதைச் சொல்ல? நம் ஊரில் கொமுட்டர் ரயிலே நிற்காமல் போகிறது. அண்ணன் நிற்கிறார்.

ஆனால் வாயைத் திறந்தால் பழைய ஆள்தான். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுப் பையன், பழைய டெட்ரிஸ் ஆட்டத்தை அது உறைந்து நின்றுபோகும் இடம்வரை ஆடிவிட்டான். 157ஆம் நிலை, சுமார் 38 நிமிடம். அதற்கு முன் எந்த மனிதனும் அங்கே போனதில்லை என்று உலகமே கொண்டாடியது. வீடியோவை அண்ணனிடம் காட்டினேன். கடைசிவரை பார்த்தார். அந்தப் பையன் மூச்சு முட்டி நாற்காலியில் சாய்ந்ததும் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா ஆடறான். நான் தொண்ணூத்தஞ்சுலயே இந்த எடத்துக்குப் போயிட்டேன். கேமராதான் இல்ல."

அடுத்த வருடம் ஜூலையில் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் குழு ரியாத்துக்குப் போய், பிலிப்பீன்ஸ் குழுவை 4–3 என்று வீழ்த்தி மொபைல் லெஜண்ட்ஸ் எம்.எஸ்.சி. கிண்ணத்தை வென்றது. பரிசு ஒரு மில்லியன் அமெரிக்க டாலர். ஒட்டுக்கடையில் தே தாரேயை ஆற்றிக்கொண்டு அண்ணன் சொன்னார்: "சிலாங்கூருக்காரன் கை அப்படி. அது மொதல்லயிருந்தே இருக்கு." அந்த மொதல் எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாய்வரை போயிருப்பார்.

காரிய வீட்டுக்குத் திரும்புவோம். பாயசம் வந்தது. எதிர் மேசைப் பையனுக்குச் சந்தேகம் தீரவில்லை. எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மாமா, அந்த ராத்திரி நீங்களும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தீங்களாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இல்லாத இடங்களிலெல்லாம் நான்தான் நான்காம் சாட்சியாக இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. இத்தனை வருடமாக எத்தனை பேரிடம் என் பெயரைச் சொல்லியிருப்பார்! அண்ணன் நான்கு நாற்காலி தள்ளி, பாயசத்தைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தேன்" என்றேன்.

"ஒத்த உயிர்லயா?"

"ஒண்ணே ஒண்ணு."

பையன் வாயைப் பிளந்தான். சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. "அந்தக் கேசட்டுக்கு நான் அஞ்சு வெள்ளி குடுத்தேன், தம்பி. அதுக்கு ஒரே சாட்சி அவருதான். போய்க் கேட்டுப் பாரு" என்றேன்.

போனான். குனிந்து ஏதோ கேட்டான். அண்ணன் கூரையை அண்ணாந்து பார்த்து வெகுநேரம் யோசித்தார். பையன் திரும்பி வந்தான்.

"அவருக்கு ஞாபகம் இல்லையாம், மாமா."