இ-ரீடர் வாங்கியோர் கவனத்துக்கு

இ-ரீடர் வாங்கிவிட்டீர்களா? நல்லது. இனி படிக்கவே வேண்டாம். அதைப் பராமரித்தாலே போதும்.

முதலில் ரிச்சி தெருவுக்குப் போய் ஸ்கிரீன் கார்டு வாங்கி ஒட்டுங்கள். நடுவில் ஒரு காற்றுக் குமிழி நிற்கும். பழைய ஏடிஎம் கார்டால் அதை ஓரத்துக்குத் தள்ளினால் இன்னொரு மூலையில் போய் உட்காரும். ஞாயிற்றுக்கிழமை இனிதே கழியும்.

இ-இங்க் திரை பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் குடிக்கும். ஆகவே பக்கத்தைத் திருப்பாதீர்கள். நான் 400 நூல்கள் இறக்கி வைத்திருக்கிறேன், ஒன்றையும் திறக்கவில்லை. சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது.

புத்தகத்தை இரவல் வாங்கித் திருப்பித் தராத நண்பர்கள் தொல்லையும் ஒழிந்தது. அந்தச் சிரமத்தைக் கடைக்காரரே ஏற்றுக்கொண்டார். 2009-இல் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய நூலை அமேசான் அவர்களது கிண்டிலிலிருந்து சத்தமில்லாமல் அழித்தது. போயும் போயும் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'! என்ன ரசனை! பணத்தையும் திருப்பித் தந்தார்கள். எந்த நண்பன் தந்திருக்கிறான்?

டேப்லெட் வைத்திருப்போருக்கும் ஒரு யோசனை. சமையல் வீடியோ பார்க்க ஸ்டாண்ட் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம் கச்சிதமான உயரம். வழுக்காது, சார்ஜும் கேட்காது.

நேற்று பார்த்தால் டேப்லெட் மேடையில் குப்புறக் கிடக்கிறது. ஸ்டாண்டைக் காணோம். தேடிப்போனால், கொல்லைப்படியில் அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டாள்:

“நாலாம் பாகத்தை எதுக்குடா முட்டுக் கொடுத்து வச்சிருக்கே?”