டாக்டர் வண்டி

சங்க இலக்கியத்தில் தேர்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பு. நெடுந்தேர் எது, கொடிஞ்சி என்பது தேரின் எந்த உறுப்பு, மணி எங்கே கட்டியிருக்கும் என்றெல்லாம் 312 பக்கம் எழுதியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. அதே நான் பழைய கார் வாங்கப் போன இடத்தில், "பானெட்டைத் திறந்து பாக்கறீங்களா சார்?" என்று கேட்டதற்கு, "ஓ, பார்க்கலாமே" என்று சொல்லிவிட்டு வண்டியின் பின்பக்கம் போய் நின்றேன்.

கார் யோசனையே என் மகனின் உயரத்தால் வந்தது. ஒன்பதாம் வகுப்புவரை ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வந்தான். பத்தாம் வகுப்பில் அவன் நின்றால் எனக்குச் சாலை தெரியவில்லை. அவன் "லெஃப்ட்ல போங்கப்பா, பஸ் வருது" என்று சொல்லச் சொல்ல நான் ஓட்டினேன். சிங்காநல்லூர் சிக்னலில் ஒரு போக்குவரத்துக் காவலர் இதைச் சிறிது நேரம் நின்று ரசித்துவிட்டு, அபராதம் போடாமல் கைகூப்பினார். அன்று ராத்திரியே முடிவெடுத்தோம்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்த தம்பி என் பான் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் சில மருத்துவர்களின் குரல் மெதுவாகிவிடுமே, அந்தக் குரலில் கேட்டார்: "சார், கூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

சிபில் மதிப்பெண் 583. பிளஸ் டூவில் 600க்கு 583 எடுத்தால் தெருவுக்கே மிட்டாய் கொடுப்பார்கள். இது 900க்கு. 750க்கு மேல் இருந்தால்தான் வங்கிக்காரர்கள் முகம் மலர்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். குறைந்தபட்சமே 300 என்பதால், எவ்வளவு மோசமாகக் கடன் வைத்தவனுக்கும் 300 உறுதி. வாழ்நாளில் யாரிடமும் பத்துப் பைசா கடன் வாங்காத என் மாமாவின் கடன் அறிக்கையை ஒரு ஆவலில் எடுத்துப் பார்த்தோம். அதில் இருந்தது -1. கடன் வரலாறே இல்லாதவருக்கு அப்படித்தான் வருமாம். மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "என்னத்தடா தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் பண்ணின தப்பு ஒரு பயணப் பை. 2019இல் ஒரு வணிக வளாகத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள், கிரெடிட் கார்டுக்குக் கையெழுத்துப் போட்டால் பை இலவசம் என்றார்கள். போட்டேன். கார்டை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய் என்று அதற்குள் ஒரு தாளில் இருந்திருக்கிறது. வீடு மாறினோம், கடிதங்கள் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தன. தாமதக் கட்டணம், வட்டி, அதற்கு ஜி.எஸ்.டி. என்று அந்த 499 வளர்ந்து ஆளாகி 11,000 ரூபாயாக வந்து நின்றது. நான் ஃபோனில் மூன்று நாள் வாதாடி 4,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். பேரத்தில் ஜெயித்த மகிழ்ச்சியில் வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிப் போனேன். அறிக்கையில் அது 'செட்டில்ட்' என்று பதிவானது. தமிழில் வாழ்க்கையில் செட்டில் ஆனவன் என்றால் கவுரவம். கடன் அறிக்கையில் அந்தச் சொல்லுக்கு, முழுசாகக் கட்டாமல் கைகழுவியவன் என்று பொருள். பையின் ஜிப் இரண்டாவது மாதமே போய்விட்டது.

முதல் வங்கி இல்லையென்றதும் இன்னும் இரண்டு வங்கி, ஒரு செல்ஃபோன் ஆப் என்று விண்ணப்பித்தேன். போன இடமெல்லாம் என் அறிக்கையை எடுத்துப் பார்த்தார்கள். அப்படி அடுத்தடுத்துப் பார்ப்பதாலேயே மதிப்பெண் குறையும் என்பதை நான்காவது இடத்தில்தான் சொன்னார்கள். 561. எத்தனை இடம் தட்டிப் போச்சு என்ற கணக்கே அடுத்த இடமும் தட்டிப்போகக் காரணமாகும் விஷயம் நம் கல்யாணச் சந்தையில் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் சத்தி ரோட்டில் அந்த ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டது. "சிபில் பிரச்சினையா? கவலைய விடுங்க. கார்ல ஏறுங்க!"

அது ஒரு கார் கன்சல்டிங். இரும்புத் தகடு போட்ட கொட்டகை, கழுவித் துடைத்த இருபது கார்கள், ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் எலுமிச்சம்பழம். உரிமையாளர் வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. நான் வெட்கத்தோடு 561 என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் எதுக்குங்க? சிபில்லயா மனுசன் இருக்கறான்? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் முன்கதையைக் கேட்காத ஒரு மனிதர்! செவ்வாய் தோஷ ஜாதகத்துக்குச் செவ்வாய் தோஷ ஜாதகம்தான் பொருந்தும் என்ற விதி எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"இதப் பாருங்க. 2012 மாடல். சிங்கிள் ஓனர். டாக்டர் வண்டிங்க. வீட்டுல இருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரில இருந்து வீடு. அவ்வளவுதான் ஓடுனது." மீட்டர் 48,000 காட்டியது. கோயம்புத்தூரில் விற்பனைக்கு வரும் பழைய கார்கள் எல்லாமே டாக்டர் ஓட்டியவைதாம். ஊரில் இத்தனை ஆஸ்பத்திரிகள் இருப்பதால் நம்பினேன். உள்ளே ஊதுபத்தி மணத்தது. பக்தியான டாக்டர்போல என்று நினைத்துக்கொண்டேன்.

விலை 1,80,000. சீட்டுப் பணத்திலிருந்து கையில் 60,000. மீதி 1,20,000 ரூபாய்க்கு அவருடைய மச்சானே ஃபைனான்ஸ் தருவார், ஒன்றரை ரூபா வட்டி, பன்னிரண்டு மாதம், மாதம் 11,800. இது 2024 டிசம்பர். வருசத்துக்குப் பதினெட்டு சதவீதம்தானே என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வீட்டம்மா பதினைந்து வருசமாகச் சீட்டுப் பிடிப்பவள். பால் கணக்கு எழுதும் காலண்டரின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள்.

"மாசாமாசம் அசலும் சேத்தித்தானே கட்டறோம்? ஆறாவது மாசம் பாதி அசல் தீந்துருமல்ல. அப்பவும் முழு ஒண்ணே கால் லட்சத்துக்கும் வட்டி வாங்கறானா?"

"ஒண்ணே கால் இல்ல, ஒரு லட்சத்து இருபதாயிரம்."

"ரொம்ப முக்கியம். இது பதினெட்டு இல்ல, முப்பத்தொண்ணுக்கு மேல வருது. நீங்க தேரப் பத்தியே எழுதுங்க."

அந்த அக்டோபரிலிருந்து வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன் கொடுத்தால், எல்லாக் கட்டணமும் சேர்த்து வருசத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பதை தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்று பெயர். மறுநாள் மச்சானிடம் தைரியமாக, "கீ ஸ்டேட்மென்ட் தருவீங்களா?" என்றேன். "கீயா? நல்லவேளை ஞாபகப்படுத்துனீங்க" என்று சொல்லி வண்டியின் மாற்றுச் சாவியை எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

முகத்தைப் பார்த்தே மனிதனை எடைபோடும் அந்த இடத்தில் நான் கொடுத்தவை: ஆதார், பான், ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, தொகை எழுதாத காசோலை நான்கு, மாதத் தவணை எடுக்க வங்கிக்கு ஒப்புதல், சொந்த வீடு உள்ள ஒரு ஜாமீன்தாரர் (-1 மாமா). ஒரிஜினல் ஆர்.சி. அவர்களிடம், எனக்கு ஜெராக்ஸ். அப்புறம் ஃபாரம் 29, ஃபாரம் 30 என்று இரண்டு படிவம். பெயர் மாற்றத்துக்கு. வாங்குபவர் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு செட் வந்தது. அதில் விற்பவர் இடத்தில் போடச் சொன்னார்கள். வாங்குபவர் பெயர் காலி.

"இது எதுக்கு?"

"சும்மா ஒரு சேஃப்டிக்குங்க."

ஆக, கார் வாங்கிய பத்தாவது நிமிடம் அதை யாரோ ஒருவருக்கு விற்றும் கொடுத்துவிட்டேன். பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தபோது அதன் மேல் யாருடைய ஹைப்போதிகேஷனும் இல்லை. அதை ஆய்வேட்டில் ஒரு அடிக்குறிப்பாகவாவது சேர்த்திருக்கவேண்டும்.

அடுத்த நாள் விசாரிக்க ஒரு பையன் வந்தான். வாசல், கேஸ் சிலிண்டர், மாமியார் எல்லாவற்றையும் படமெடுத்தான். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறான். "சார் நல்லவரு. துணிக்கு மட்டும் மூணு மாச பாக்கி" என்று அவர் சொல்லியிருக்கிறார். அதுவும் ஃபைலில் ஏறியது.

வண்டி வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மருதமலைக்குப் போனோம். போனோம் என்பது அடிவாரம் வரைக்கும். அங்கிருந்து பஸ்.

உக்கடத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். கல்வெட்டு படிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு வேகம் அவர்களிடம் இல்லை. கண்ணாடிகளின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் தயாரிப்புக் குறியைப் பார்த்தார். "மூணு கண்ணாடி 12, ஒண்ணு 18. எங்கியோ அடி வாங்கியிருக்கு." டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கிறது. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருசம். அதைத் தடவிப் படித்தார். "மீட்டர்ல 48,000. ஆனா பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்க சார், எங்க பாட்டி செருப்பு மாதிரி தேஞ்சிருக்கு." கடைசியாக முன்சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழத்தில், யாரும் இழுத்துப் பார்க்காத பகுதியில், கோடு போட்டதுபோலச் சேறு காய்ந்திருந்தது.

"மெட்ராஸ் வண்டி. 2015 வெள்ளத்துல நின்னிருக்கு. ஊதுபத்தி வாசம் அடிச்சிருக்குமே?"

பெயர் மாற்றி வந்த ஆர்.சி. ஜெராக்ஸில் 'ஓனர் எண்: 5' என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கன்சல்டிங்காரரிடம் கோபமாகவே போனேன். "சிங்கிள் ஓனர்னு சொன்னீங்களே?"

அவர் துளியும் அசையவில்லை. "ஒரு நேரத்துல ஒருத்தர்தானுங்களே ஓனர்?"

இலக்கணப்படி எனக்கு மறுப்புச் சொல்ல வழியில்லை. அவரும் என் 561ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே என்ற நன்றியும் குறுக்கே வந்தது. திரும்பிவிட்டேன்.

அதன்பின் வண்டிக்கும் எனக்கும் ஒரு புரிதல் ஏற்பட்டது. சாவியைத் திருகுவதற்கு முன் வைப்பரை ஒருமுறை போட்டு அணைக்கவேண்டும். டேஷ்போர்டில் இடப்பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டு. கிளட்சை இரண்டு முறை மிதித்து, மூன்றாவது மிதியில் திருகினால் கிளம்பும். ஏன் என்று பாய்க்கும் தெரியாது.

நான் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பன்னிரண்டு மாதமும் உண்டு, சம்பளம் மே மாதத்துக்குக் கிடையாது. ஆகவே ஜூன் 5ஆம் தேதி தவணை திரும்பியது. அதற்கு வங்கி ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய் பிடித்துக்கொண்டது. இல்லாதவனிடம் இல்லை என்று தெரிந்துகொள்ள ஆகும் செலவு. ஃபோன்கள் வந்தன. பத்து நாள் கழித்து, ஒரு விடிகாலை ஐந்தரைக்கு, வாசலில் கதவு சாத்தும் சத்தம்.

எட்டிப் பார்த்தேன். சீஸ் பண்ண இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் மாற்றுச் சாவியோடு உள்ளே உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்தான். க்ளிக். க்ளிக். மற்றவன் பானெட்டைத் திறந்து என்னைப் போலவே பார்த்துக்கொண்டு நின்றான். நான் லுங்கியோடு இறங்கினேன். சண்டை போடத்தான் இறங்கினேன். ஆனால் அவன், "அண்ணா, இத எப்படிங்ணா ஸ்டார்ட் பண்றீங்க?" என்று பரிதாபமாகக் கேட்டதும், சொல்லலாமா வேண்டாமா என்ற தர்மசங்கடம் வந்துவிட்டது. சொல்லவில்லை. அதற்குப் பரிகாரமாகத் தள்ளினேன்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவர், "காலைலயே மக்கர் பண்ணுதுங்களா?" என்று தானும் ஒரு கை கொடுத்தார். நான்கு பேருமாகத் தெருமுனை வரை தள்ளினோம். இஸ்திரிக்காரர் மேட்டில் டயருக்குக் கல்லை எடுத்து அணை கொடுத்தார். வண்டி கிளம்பவில்லை. மூச்சிரைக்க வந்தவர்களில் ஒருவன் ஸ்பீக்கரில் போட்டுக் கன்சல்டிங்காரரைக் கூப்பிட்டான்.

"எந்த வண்டி? ... அதா? டேய், அத விட்டுட்டு வாங்கடா. கொண்டாந்தா நமக்குத்தான் செலவு."

அவர்கள் போன பிறகு வைப்பர், தட்டு, மூன்று மிதி. முதல் திருகலில் கிளம்பியது. தலைமையாசிரியரை அப்படியே பூங்காவில் இறக்கிவிட்டு வந்தேன்.

ஜூன் தவணையை ஜூலையில் அபராதத்தோடு சேர்த்துக் கட்டினேன். மற்றவை ஒழுங்காகப் போயின. 2025 டிசம்பரில் கடைசித் தவணை முடிந்தது. இப்போதாவது மதிப்பெண் ஏறியிருக்கும் என்று, வருசத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். பையின் கதை அப்படியே இருந்தது. இந்தப் பன்னிரண்டு மாதத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

"நம்ம கணக்கெல்லாம் அங்க போகாதுங்க" என்றார் கன்சல்டிங்காரர், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யையும் ஃபாரம் 35ஐயும் நீட்டியபடி. "நமக்குள்ளயே இருக்கட்டும்." டிராயரிலிருந்து மாற்றுச் சாவி வெளியே வந்தது. என் முன்னால் டீ வைத்தார்கள். "சார், வண்டியக் குடுத்துட்டுக் கொஞ்சம் பெருசா எடுத்துக்கறீங்களா? நல்ல பார்ட்டி ஒண்ணு இருக்குது. பாவம், சிபில் கொஞ்சம் இடிக்குது அவருக்கு."

யோசிக்கிறேன் என்று சொல்வதற்குள் அவருக்கு ஃபோன் வந்தது. அதே பார்ட்டி. அவர் என் பழைய ஃபைலைப் பிரித்து, முதல் பக்கத்தில் என் பெயருக்கு முன்னால் இருந்ததை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இருக்குதுங்க. என் முன்னாடிதான் உக்காந்திருக்காரு. சிங்கிள் ஓனர். ஆமாங்க, டாக்டர் வண்டி."

நான் டீயைக் குடித்தேன்.