கொசு மருந்தா சார்?

குத்தம்பாக்கத்தில் கார் வைத்திருப்பவனுக்குத் தூசி ஒரு எதிரி, தண்ணீர் இன்னொரு எதிரி. தூசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரு பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் புதுப் பேருந்து நிலையத்துக்கு ஜல்லியும் மண்ணும் அடித்த லாரிகள். கொஞ்சம் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய்காரர்கள் பளபளவென்று கார் செய்து அனுப்புகிறார்கள். சென்னைப் பக்கம் வருகிற வண்டி எங்கள் ஊரைத் தாண்டுவதற்குள் செகண்ட் ஹேண்ட் விலைக்கு இறங்கிவிடும்.

தண்ணீர்தான் கமுக்கமான எதிரி. எங்கள் தெருவில் எல்லாம் போர் தண்ணீர். ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படை கட்டுமே, அதே சரக்கு. அதில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து கிடக்கின்றன. காரைக் கழுவி வெயிலில் அப்படியே காயவிட்டால் தண்ணீர் மட்டும் ஆவியாகப் போய்விடும், கரைந்து வந்ததெல்லாம் பட்டா வாங்காமல் பானட்டில் குடியேறும். கறுப்புக் கார் என்றால் உடம்பெல்லாம் தேமல் வந்த மாதிரி நிற்கும்.

துடைத்தால் தீர்ந்தது என்பீர்கள். நம் பக்கம் துடைப்பது என்றால் மெக்கானிக் ஷெட்டில் பனியன் வேஸ்ட், வீட்டில் பழைய லுங்கி, கொஞ்சம் அக்கறை உள்ளவர் கையில் மஞ்சள் துணி. எந்தத் துணியானாலும் மிச்சமிருக்கும் மண்ணையும் சேர்த்து இழுத்துப் பெயின்ட்டில் வட்ட வட்டமாகக் கீறும். வெயிலில் நிறுத்திச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். பார்க்காமல் இருப்பது மனதுக்கு நல்லது.

ஆகவே ப்ளோயர் வாங்கினேன். அமெரிக்காவில் வாசலில் கிடக்கும் சருகை ஊதித் தள்ளுவார்களே, அந்த மிஷின். “தண்டச் செலவு” என்றாள் மனைவி. ஆனால் விஷயம் இருக்கிறது. காற்று தண்ணீரைக் காய வைப்பதில்லை, விரட்டுகிறது. துளி காய்வதற்கு முன்பே அதைத் தள்ளிவிட்டால் உப்பும் கூடவே போய்விடும். வாட்டர் வாஷ் கடையில் கம்ப்ரஸரிலிருந்து ஏர் அடிப்பதும் இதே வித்தைதான். சைடு மிரர், கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட்டின் முதுகு இங்கெல்லாம் தண்ணீர் பதுங்கியிருந்து, நாம் துடைத்து முடித்து இடுப்பில் கை வைத்து ரசிக்கிற நேரம் பார்த்துக் கோடாக இறங்கும். ப்ளோயரின் மூக்கை அங்கே காட்டினால் அத்தனையும் சரணடைந்துவிடும். மேலிருந்து கீழே ஊத வேண்டும். கூரையை விட்டுவிட்டுக் கதவில் ஆரம்பிப்பவன் பொழுது சாயும்வரை ஊதலாம். வயர் மிஷின் என்றால் 230 வோல்ட். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. இதை மனைவி தன் பாணியில் சொன்னாள்: “ஏங்க, எல்ஐசி பத்திரம் எங்க இருக்குன்னு சொல்லிட்டு ஆரம்பிங்க.”

சுவிட்சைப் போட்டதும் எதிர்வரிசையில் படபடவென்று ஜன்னல்கள் சாத்தப்பட்டன. “கொசு மருந்தா சார்? ஒரு நிமிஷம் நிறுத்துங்க, மாவு திறந்து கிடக்கு!” இது கொசு மருந்து இல்லை என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் “மருந்து” மட்டும்தான் கேட்டிருக்கும் போல, குழந்தைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அதற்குள் தெருமண் கிளம்பி ஈரக் கார் முழுக்க அப்பிக்கொண்டது. பக்கத்து வீட்டு அம்மாதான் வழி சொன்னார். “முதல்ல வாசல் தெளி தம்பி, அப்புறம் ஊது.” மிஷினோடு வந்த கையேட்டில் இது இல்லை.

பெரியவர் ஒருவர், நெல் போட்ட காலத்து ஆள், கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயராச்சே, டேங்க்கைக் கழட்டிட்டானா?” கேள்வியில் தப்பே இல்லை. முதுகில் மாட்டிப் பூச்சிமருந்து அடிக்கும் கருவியிலிருந்து மருந்துத் தொட்டியைக் கழற்றிவிட்டு வெறும் காற்றை மட்டும் வைத்துக்கொண்டதுதான் இந்த மிஷினின் பூர்வீகம். 1970களில் அமெரிக்காவில் பரவியது. சத்தம் தாங்காமல் வாஷிங்டன் நகரில் 2022 முதல் பெட்ரோலில் ஓடுவதற்குத் தடை. கலிபோர்னியாவில் 2024 முதல், புகையையும் காரணம் காட்டி, புதிதாக விற்கவே கூடாது என்றுவிட்டார்கள். சத்தத்துக்காகத் தடை என்று நாம் ஆரம்பித்தால் ஆடி மாதத்தையே நாள்காட்டியிலிருந்து கிழிக்க வேண்டியிருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. தெருவில் அத்தனை வண்டியும் கழுவி நின்றன, அத்தனைக்கும் காற்று என் வீட்டிலிருந்து. என் காருக்கு முறை வந்தபோது அது தானாகவே காய்ந்து தேமலோடு நின்றது. டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினோம். அந்தப் பழத்தைக் கண்ணாடியில் தேய்த்திருந்தால் சுண்ணாம்புக் கறையாவது கரைந்திருக்கும். சாமி குற்றம் ஆகிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மிஷின் ஊர்ச்சொத்து. கம்ப்யூட்டர் தூசிக்கு ஒருவர், ஏசி ஃபில்டருக்கு ஒருவர். பெரியவர் உளுந்து தூற்ற வாங்கிப் போனார். வேகத்தைக் குறைக்கும் பொத்தான் அவருக்குத் தெரியாததால் பதரோடு உளுந்தும் அடுத்த மனைக்குப் போய்ச் சேர்ந்தது. “காத்து நல்ல காத்துதான், அடக்கம் இல்ல” என்று சான்றிதழோடு திருப்பிக் கொடுத்தார். இஸ்திரிக்காரர் கரி மூட்டக் கேட்டார். பெட்டியிலிருந்து கிளம்பும் தீப்பொறி யார் வீட்டுப் பட்டுப்புடவையில் போய் உட்காருமோ என்று மறுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு விறகடுப்பு மூட்ட பிரியாணி மாஸ்டர் கேட்டபோது மறுக்க நான் வீட்டில் இல்லை. மனைவி எடுத்துக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் மிஷின் புகை வாசனையோடு வந்தது, கூடவே வாழை இலையில் கட்டிய பெரிய பொட்டலமும் வந்தது.

இப்போதெல்லாம் அவள் மிஷினைத் தண்டச் செலவு என்பதில்லை. கார்தான் தண்டச் செலவாம்.