முன்னாள் சென்டர் ஃபார்வர்டு

வடசென்னையில் ஒரு கால்பந்து கிளப்புக்குப் பொன்விழா நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் கிளப் எந்த வருஷம் பிறந்தது என்று முடிவாக வேண்டும். தெருவில் ரப்பர் பந்தை உதைத்த வருஷமா, தையல்காரர் பதினோரு பனியனைக் கடனுக்குத் தைத்துக் கொடுத்த வருஷமா, சங்கத்தில் பணம் கட்டிப் பதிவு செய்த வருஷமா? மூன்றுக்கும் மூன்று கட்சி உண்டு. வியாசர்பாடிப் பக்கம் நான் போயிருந்தது பதிவுக் கட்சியின் பொன்விழா. ரப்பர் பந்துக் கட்சி அதற்கு முன்பே ஒன்றை நடத்தி முடித்துவிட்டது. கட்சி பேதம் பார்க்காமல் இரண்டுக்கும் வந்து இரண்டிலும் பொன்னாடை வாங்கிக்கொண்டவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பெயர் வேண்டாம். பெரம்பூரோ புளியந்தோப்போ, எந்த கிளப் ஆண்டுவிழாவுக்குப் போனாலும் முன்வரிசையில் அவர் இருப்பார். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். தலையில் மிச்சமிருக்கிற முடிக்கு மை. மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே டிராக் பேன்ட். நாற்காலியில் உட்காரும்போது வலது காலை மட்டும் நீட்டி வைத்துக்கொள்வார். ஏன் என்று யாராவது கேட்கட்டும் என்பதற்காகத்தான் அந்த நீட்டல். கேட்டுவிட்டீர்களா, உங்கள் சாயங்காலம் போயிற்று.

"இந்த முட்டி மட்டும் போவலன்னா..." என்று ஆரம்பிப்பார்.

முட்டி போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது. சின்னப் பையன் கேட்டால் இந்தியா டீம். ஓரளவு விவரம் தெரிந்தவர் கேட்டால் ஸ்டேட் டீம். கூட ஆடியவர்கள் பக்கத்தில் இருந்தால் முட்டிப் பேச்சையே எடுக்கமாட்டார். அது மேட்சில் போகவில்லை, பேசின் பிரிட்ஜ் சரிவில் சைக்கிளோடு விழுந்ததில் போனது என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது கல்கத்தா. "ஆள் அனுப்பிச்சாங்கபா. டிக்கெட்டு எடுத்து வச்சிட்டாங்க. எங்கம்மா வுடல." அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரையும் கல்கத்தா கூப்பிட்டிருக்கிறது, அத்தனை அம்மாக்களும் ஒரே மாதிரி அழுதிருக்கிறார்கள். முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. தெற்கிலிருந்து ஆள் பிடித்துப்போகும் வழக்கம் கல்கத்தா கிளப்புகளுக்கு நிஜமாகவே இருந்தது. வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்று ஐந்து பேர் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடினார்கள். ஐவரும் தென்னாட்டுக்காரர்கள். வங்காளத்து ஜனங்கள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றே கூப்பிட்டார்கள். 1949, 50, 51 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு அந்த கிளப்புக்குப் போனது. நம்மவர் கணக்கில் பாண்டவர் ஆறு பேர். ஆறாவது ஆளை அம்மா விடவில்லை. பாண்டவர் ஆடிய காலத்தில் இவருக்கு நடை வந்திருக்குமா என்று வருஷத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறவன் ஆண்டுவிழாவுக்கு வரக் கூடாது.

வருஷக் கணக்கு அவரை எப்போதுமே கட்டுப்படுத்தியதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல் இறங்கினார்கள். பிரான்சிடம் 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோல் சாரங்கபாணி ராமன் அடித்தது. இரண்டு பெனால்டியைக் கோட்டை விட்டோம். 1952 ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியா பத்துக்கு ஒன்று என்று வாங்கு வாங்கென்று வாங்கிய பிறகுதான் பூட்ஸைக் கட்டாயமாக்கினார்கள். இதையெல்லாம் அவர் சொல்லும்போது, "நாம வெறுங்காலோட ஆடினப்போ" என்று தொடங்குவார். அந்த 'நாம'வுக்குள் அவரும் இருக்கிறார், அவர் அப்பாவும் இருக்கிறார், தேவைப்பட்டால் கேட்கிற நீங்களும் இருக்கிறீர்கள். "ரெண்டு பெனால்டிபா! ரெண்டு!" என்று நேற்று நடந்த மாதிரி தொடையில் அடித்துக்கொண்டார். தான் இருந்திருந்தால் என்று சொல்ல வாயெடுத்தவர், பக்கத்தில் கோலி வந்து உட்கார்ந்ததும் நிறுத்திக்கொண்டார்.

கோலி என்பது பழைய கோல்கீப்பர். எதிர் டீமில் ஆடியவர். நம்மவர் வாழ்நாளில் அடித்த பெரிய கோல் இவர் தலைக்கு மேலேதான் போனது. இடம் சென்ட்ரல் பக்கத்துப் பழைய நேரு ஸ்டேடியம். அதைத்தான் 1993 நேரு தங்கக் கோப்பைக்காக இடித்துக் கட்டிவிட்டார்களே, சாட்சிக்கு ஒரு கோல்போஸ்ட்கூட மிச்சமில்லை. அந்தத் தைரியத்தில் கோலின் தூரம் கந்துவட்டி மாதிரி ஏறிக்கொண்டே வருகிறது. ரப்பர் பந்துக் கட்சியின் பொன்விழாவில் முப்பது கெஜம் என்று கேட்டதாக ஞாபகம்.

"கோலி, நீயே சொல்லு. எங்கேர்ந்து அட்ச்சேன்?"

"ஹாஃப் லைனுக்கு ரெண்டடி இந்தாண்ட. பந்து வந்ததே தெரியல மாமே. காத்துதான் தெரிஞ்சுது."

எதிரி இப்படித் தாராளமாக ஒத்துக்கொள்கிறாரே என்று முதலில் ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால் காரணம் எளிது. பெனால்டி புள்ளியிலிருந்து உருட்டிவிட்ட பந்தைத் தவறவிட்டால் கோலிக்குத்தான் கெட்ட பெயர். ஹாஃப் லைனிலிருந்து இடிபோல வந்ததென்றால் அவரை யார் குறை சொல்ல முடியும்? தூரம் ஏற ஏற இருவருக்கும் லாபம். கூட்டுறவு என்றால் இதுதான்.

ஆனால் அந்த மேட்சுக்கு விசில் ஊதியவரும் விழாவுக்கு வந்திருந்தார். ரெஃப்ரிகளை யாரும் முன்வரிசைக்குக் கூப்பிடுவதில்லை. ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அது கிராஸ்பா. காத்துல திரும்பிக்கினு உள்ள பூட்ச்சு. கோலி அப்ப ஷூ லேஸ் கட்டிக்கினு இருந்தான்."

"அப்போ கோல் இல்லையா?"

"கோலுதான். நான்தானே ஊதினேன்."

மேடைக்குப் பக்கத்தில் பழைய குரூப் ஃபோட்டோ ஒன்றை மாலை போட்டு வைத்திருந்தார்கள். மாலை போடலாமா, அதில் பாதிப்பேர் உயிரோடு இருக்கிறோமே என்று ஒரு தகராறு வந்து அடங்கியது. அடுத்த தகராறு அடங்கவில்லை. முன்னால் குந்தியிருக்கிற சுருட்டை முடிப் பையன் ஒருவன் கையில் பந்து வைத்திருக்கிறான். அது தான்தான் என்றார் நம்மவர். இல்லை, நான் என்றார் லெஃப்ட் அவுட். ஓரத்தில் பந்தில்லாமல் நிற்கிற ஆள் யாரென்று மட்டும் ஒருவரும் உரிமை கொண்டாட வரவில்லை. செயலாளரின் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்து, "இது என் தம்பி" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அளந்து விடுவதில்லை. வேலை. எட்டாவதோ பத்தாவதோ தாண்டாத பையன்களை அந்த நாளில் கரையேற்றியது பந்துதான். பெரம்பூரில் ஐ.சி.எஃப். 1955-இல் வந்தது. ரயில்வே, துறைமுகம், வங்கிகள் என்று ஒவ்வொன்றும் லீகில் ஆட ஒரு டீம் வைத்திருந்தன. கிளப் மேட்சில் நன்றாக ஆடுகிறவனை அங்கிருந்து வந்து பார்ப்பார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆர்டர் வரும். காலையில் கையெழுத்து, மத்தியானத்துக்கு மேல் பிராக்டிஸ், முதல் தேதி சம்பளம். நம்மவர் வீட்டில் மூன்று தங்கைகளின் கல்யாணம் அவருடைய இடது காலில் நடந்தது. இன்றைக்கு வாங்குகிற பென்ஷனும் அதே கால் போட்ட சோறுதான். இந்தக் கதையில் அவர் தூரத்தைக் கூட்டுவதில்லை, முட்டியை இழுப்பதில்லை, கோலியைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. இரண்டே வரியில் முடித்துவிடுவார். இதைத்தான் அவர் மைக்கில் சொல்லியிருக்க வேண்டும். மைக் கையில் வந்ததும் அவருக்கு ஹாஃப் லைன்தான் ஞாபகம் வருகிறது.

இருட்டுவதற்குள் வெட்டரன்ஸ் மேட்ச் வைத்தார்கள். பாதிக்குப் பத்து நிமிஷம். ஆஃப்சைடு கிடையாது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். சிறப்பு விருந்தினர் பந்தைத் தொடங்கி வைத்தார். பந்தைவிடச் செருப்பு தூரம் போனது. நம்மவர் நடு வட்டத்தில் நின்ற இடத்திலிருந்து அசையாமல் "பாஸ் குட்றா, பாஸ் குட்றா" என்று கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் யாரோ பொறுக்கமாட்டாமல் உயரத் தூக்கிப் போட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது. வானத்திலிருந்து இறங்கிய பந்தை இடது காலின் மேல்பக்கத்தில் வாங்கினார் பாருங்கள், ஒரு அங்குலம் எகிறவில்லை. அங்கேயே ஒட்டிக்கொண்டது. அளப்பெல்லாம் பொய்யில்லை என்று அந்த ஒரு நொடியில் நம்பினேன். பிறகு திரும்ப முயன்றார். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ரெஃப்ரியைப் பார்த்து ஃபவுல் கேட்டார். சுற்றிலும் இருபதடிக்கு ஆளே இல்லை.

அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைத்தது கிளப்பின் பெண்கள் டீமைச் சேர்ந்த ஒரு பெண். அவர்கள்தான் மத்தியானம் முதல் நாற்காலி போட்டார்கள், பொன்னாடைத் தட்டு ஏந்தினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஐஸ் வைத்தபடியே அவள் கேட்டாள்.

"அங்கிள், நீங்கல்லாம் சந்தோஷ் டிராபி ஜெயிச்சிருக்கீங்களா?"

"கேம்ப் வரைக்கும் போனேம்மா."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? முட்டி."

"சரி அங்கிள்" என்று அடுத்த ஆளுக்கு ஐஸ் வைக்கப் போனாள். நம்மவர் அவளிடம் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் சங்கடமாகியிருக்கும். சந்தோஷ் டிராபி 1941-இல் தொடங்கியது. தமிழ்நாட்டு ஆண்கள் அதை ஒருதரமும் வென்றதில்லை. 2012-இல் இறுதி ஆட்டம் வரை போய் சர்வீசஸிடம் 3-2 என்று தோற்றார்கள். பெண்கள் தேசியப் போட்டியில் மணிப்பூரைத் தோற்கடித்து 2018-இல் கோப்பை வாங்கினார்கள். 2023-இல் ஹரியானாவைத் தோற்கடித்து இன்னொன்று. மதுரையின் சேது எஃப்.சி. 2018-19 இந்திய மகளிர் லீகையே ஜெயித்தது.

தையல்காரர் கட்சி இன்னும் விழா எடுக்கவில்லை. எடுக்கப்போகிற செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். நம்மவரை அவசியம் கூப்பிடுங்கள், பொன்னாடை போடுங்கள், கோல் கதைக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள்; அவர் இல்லாத ஆண்டுவிழா எனக்கும் ருசிக்காது. ஆனால் நாற்காலி போடுகிற வேலையை அந்தத் தடவை ஆம்பிளைகளிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்களை மேடையில் உட்கார வையுங்கள். மைக்கையும் அவர்களிடமே முதலில் கொடுங்கள். நம்மவருக்குப் பிறகு கொடுத்தால் அவர்கள் முறை வருவதற்குள் பிரியாணி ஆறிவிடும்.