அண்ணாச்சி பதில்கள்: செம்புக் காசு ஸ்பெஷல்

கே: அண்ணாச்சி, சிற்றாற்று மணலில் பச்சை பிடித்த குட்டிச் செம்புக் காசு ஒன்று கிடைத்தது. பைசாந்தியக் காசு என்கிறான் நண்பன். நம்பலாமா?
- வீரகேரளம்புதூர் வாசகர்

ப: நண்பனை நம்புங்க, அவன் நாணய அறிவை நம்பாதீங்க. சதுரமாக இருந்து யானையும் மீனும் தெரிந்தால் பழைய பாண்டியர். வட்டமாக, நகத்தளவில், நெற்றியில் முத்துப்பட்டம் கட்டிய தலை தெரிந்தால் பிற்கால ரோமானியம். கொண்டை போட்ட அம்மா தெரிந்தால் விக்டோரியா, வீட்டுக்குப் போகலாம்.

கே: பிற்கால ரோமானியம், பைசாந்தியம். கோடு எங்கே?
- பாவூர்சத்திரம் கல்லூரி மாணவி

ப: 498இல், தாயி. அதுவரை புழக்கத்தில் இருந்த செம்பு ‘நும்முஸ்’ எண்ணுவதற்குள் விரலிடுக்கில் காணாமல் போகும். அனஸ்தாசியுஸ் மன்னர் 40 நும்முஸுக்கு ஒரு பெரிய ‘ஃபோலிஸ்’ என்று அடித்துவிட்டார். நாணயக்காரர்கள் அங்கே கோடு போட்டார்கள். மன்னருக்கு அந்தச் சேதி தெரியாது. சாகிறவரை தன்னை ரோமானியன் என்றே நினைத்திருந்தார்.

கே: பின்பக்கம் பெரிதாக ‘எம்’ என்று இருக்கிறதே, மெட்ராஸா?
- சுரண்டை வியாபாரி

ப: மெட்ராஸ் பிறக்க இன்னும் ஆயிரம் வருஷம் இருந்தது ஐயா! கிரேக்கத்தில் எழுத்தே எண். எம் என்றால் 40, கே 20, ஐ 10, ஈ 5. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ‘க’ போட்டு ஒன்று, ‘உ’ போட்டு இரண்டு என்று கணக்கெழுதிய தாத்தாக்களின் பேரன்கள்தானே நாம்?

கே: அந்தக் காசில் வருஷம் இருக்கும் என்கிறார்களே, எப்படிப் படிப்பது?
- ஆலங்குளம் ஆசிரியர்

ப: ஜஸ்டினியன் ஃபோலிஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க. முன்பக்கம் மன்னர் நம்மை நேருக்கு நேர் முறைக்கிறார், கையில் சிலுவை வைத்த உருண்டை. திருப்புங்க. நடுவில் எம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ‘அன்னோ’, அதாவது ஆண்டு. வலது ஓரத்தில் ஓர் எக்ஸ், அதன்கீழ் இரண்டு கோடு: 12. ஆட்சி தொடங்கியது 527, ஆக அடித்தது 538-539. அடியில் ‘கான்’ என்ற மூன்றெழுத்து, கான்ஸ்டான்டிநோபிள் அக்கசாலை. எம்மின் இரண்டு காலுக்கு நடுவே சின்னதாக ஒரு கிரேக்க எழுத்து, அது பட்டறை எண். எடை குறைந்தால் யார் காதைத் திருகுவது என்று தெரிய வேண்டாமா? அந்த 12ஆம் ஆண்டுக் காசு 20 கிராமுக்கு மேல் கனக்கும். அக்கசாலை என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்ட வேண்டாம். கொற்கைப் பக்கம் அந்தப் பெயரிலேயே ஊர் இருக்கிறது.

கே: ஒரு காசில் ராஜாவும் ராணியும் ஜோடியாக உட்கார்ந்திருக்கிறார்கள். யார்?
- தென்காசி இல்லத்தரசி

ப: இரண்டாம் ஜஸ்டினும் சோஃபியாவும், 565 முதல் 578 வரை. சம ஆசனம். பின்னாளில் அவருக்குப் புத்தி பேதலித்தபோது ராஜ்யத்தைத் தாங்கியது அந்தம்மாதான். காசு அடித்தவன் முன்கூட்டியே கணித்திருக்கிறான்.

கே: என் காசில் ராஜா பெயரே இல்லை. போலியா?
- கீழப்பாவூர் வாசகர்

ப: இயேசு முகம் இருக்கிறதா? இருந்தால் பயப்படாதீங்க. 970 வாக்கில் தொடங்கி 1092 வரை பெயரில்லாத ஃபோலிஸ்தான் அடித்தார்கள். முன்னால் கிறிஸ்து, பின்னால் ‘ராஜாதி ராஜா இயேசு கிறிஸ்து’ என்ற வாசகம். மனித ராஜாவுக்கு இடமில்லை. எது யார் காலத்தது என்று அறிஞர்கள் வகை பிரித்ததே, ஒரு காசின்மேல் இன்னொன்றை அடித்திருந்ததை வைத்துத்தான். அடியில் இருப்பது அண்ணன், மேலே இருப்பது தம்பி.

கே: கிண்ணம்போல் குழிந்த காசு ஒன்றைப் பார்த்தேன். ரயில் தண்டவாளத்தில் வைத்த காசோ?
- தென்காசி ஜங்ஷன் ஆட்டோ ஓட்டுநர்

ப: தண்டவாளத்தில் வைத்தால் தட்டையாகும் தம்பி, குழியாது. முதலாம் அலெக்ஸியுஸ் 1092இல் நாணயத்தைச் சீர்திருத்தியபின் அப்படியே அச்சடித்த காசு அது. ஏன் குழித்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நீங்க மீட்டரைப் போடுங்க.

கே: அந்தப் பெரிய ஃபோலிஸ் தமிழ்நாட்டில் கிடைக்குமா, கிடைக்காதா?
- கடையநல்லூர் சேகரிப்பாளர்

ப: அதை எதிர்பார்த்து ஆற்றங்கரையில் உட்காராதீங்க. இங்கே ஆயிரக்கணக்கில் கிடைப்பது அதற்கு முந்தைய குட்டிச் செம்பு: 4, 5ஆம் நூற்றாண்டு, ஒன்றிரண்டு கிராம். கரூர் அமராவதி, மதுரை வைகை, திருக்கோவிலூர் என்று ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையில் வந்தவை. டஃப்னெல் என்ற ராணுவ கேப்டன் 19ஆம் நூற்றாண்டிலேயே மதுரை ரோமச் செம்பைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைத் தேடித்தேடிச் சேர்த்து, 2007இல் தனி நூலே போட்டார். கான்ஸ்டான்டியுஸ், தியோடோசியுஸ், ஆர்காடியுஸ், ஹொனோரியுஸ் எல்லோரும் நம் ஆற்றில் குளித்தவர்கள்தான். அதிலும் கான்ஸ்டான்டியுஸ் காசை அடையாளம் காண்பது சுலபம்: குதிரையிலிருந்து ஒருத்தன் விழுவான், வீரன் ஈட்டியால் குத்துவான். தேய்ந்துபோன காசிலும் அந்தக் குதிரை தெரியும்.

கே: தங்கம் அனுப்பிய தேசம் ஏன் செல்லாக் காசையும் அனுப்பியது?
- இலத்தூர் வாசகி

ப: நல்ல கேள்வி, பதில் ஒன்றல்ல. பழைய செம்பாக எடைக்கு வந்தது என்பவர் உண்டு. இங்கே சில்லறைத் தட்டுப்பாட்டுக்கு உதவியது என்பவர் உண்டு. நான் இரண்டாவது கட்சி. காசுகள் முகம் அழியத் தேய்ந்திருக்கின்றன. உருக்கப் போகிற செம்பை யார் கைமாற்றிக் கைமாற்றித் தேய்ப்பார்கள்? இலங்கையில் போதாக்குறைக்கு அதே மாதிரியில் சொந்தமாகவும் அடித்துக்கொண்டார்கள்.

கே: வந்த தங்கம் என்ன ஆச்சு?
- சங்கரன்கோவில் நகைக்கடைக்காரர்

ப: உங்களுக்குத் தெரியாததா? கர்நாடகத்து அக்கி ஆலூரில் கிடைத்த பைசாந்தியத் தங்கத்தில் மன்னர் தலைக்கு மேலே இரண்டு ஓட்டை. காசு மாலை! அவர் அங்கே சக்கரவர்த்தி, இங்கே கழுத்துக்குப் பதக்கம்.

கே: காசை வைத்து ராஜாக்களை எடை போட்ட கதை உண்டாமே?
- குற்றாலம் வாசகர்

ப: 6ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியா வணிகர் காஸ்மாஸ் எழுதிவைத்தது. சோபத்ரோஸ் என்ற வணிகரும் ஒரு பாரசீகரும் இலங்கை அரசர் முன் நிற்கிறார்கள். ‘உங்கள் இருவரில் யார் ராஜா பெரியவர்?’ பாரசீகர் முந்திக்கொண்டு அளக்கிறார். சோபத்ரோஸ் சொன்னது ஒன்றுதான்: ‘இரண்டு ராஜாவும் இங்கேயே இருக்கிறார்கள், பாருங்கள்.’ நீட்டியது இரண்டு காசு. ஒன்று பளபளக்கும் ரோமத் தங்கம், மற்றது பாரசீக வெள்ளி. அரசர் சோபத்ரோஸை யானைமேல் ஏற்றி, மேளம் கொட்டி ஊர்வலம் விட்டாராம். இலங்கை அரசர் ரோமக் காசைப் பார்த்து வியந்த கதை 1ஆம் நூற்றாண்டுப் பிளினியிடமும் இருக்கிறது. நல்ல கதைக்கு வயசாவதில்லை.

கே: பழைய காசைப் புளி போட்டு விளக்கினேன். தகதகவென்று மின்னுகிறது!
- ஊத்துமலை வாசகர்

ப: அண்டா விளக்குகிற கையால் சரித்திரத்தை விளக்கிவிட்டீர்! அந்தப் பச்சைத் தோலின்மேல்தான் எழுத்து நிற்கும். இனி புளி குழம்புக்கு மட்டும். காய்ச்சி வடித்த தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, பல் குத்தும் குச்சியால் மெல்ல மண்ணை எடுங்க. பொறுமை இல்லாவிட்டால் தபால்தலை சேருங்க.

கே: சாரல் சீசனில் என் காசுகளில் மாவுபோல வெளிர்பச்சை பூக்கிறது. பூஞ்சையா?
- மேலகரம் வாசகர்

ப: பூஞ்சை இல்லை, செம்புக்கு வரும் நோய். மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு உப்பு உள்ளே தூங்கும். ஈரக்காற்று பட்டால் எழுந்து உலோகத்தை அரிக்கும். கெட்டியான கரும்பச்சை நல்லது, உதிரும் வெளிர்பச்சை ஆபத்து. நோயாளியைத் தனியே எடுங்க. மூடி இறுகும் டப்பா, உள்ளே செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம். சாரலை நீங்க அனுபவியுங்க, காசுக்கு வேண்டாம்.

கே: சீசன் கடையில் ஒருத்தர் ‘ஜஸ்டினியன் காசு’ விற்கிறார். எப்படிச் சோதிப்பது?
- செங்கோட்டை வாசகர்

ப: விளிம்பைப் பாருங்க. சுற்றிலும் ஒரு கோடு ஓடினால், அரம் போட்ட தடம் தெரிந்தால் அச்சில் வார்த்தது. அசல், உளியச்சு வைத்துச் சுத்தியலால் அடித்தது. ஓரம் வெடித்திருக்கும், படம் கோணியிருக்கும். மேலே ஊசிமுனைக் குமிழ்கள் இருந்தாலும் வார்ப்புதான். பத்துக் காசு அச்சு அசலாக ஒரே மாதிரி வெடித்திருந்தால், கடையை விட்டு நீங்க வெடியுங்க.

கே: அரிசியை இழுக்கும் ரோமக் காசு, கோடி ரூபாய் என்கிறார்களே?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ப: அது அரிசியை இழுக்காது, உங்க அட்வான்ஸை இழுக்கும். போலீசுக்குப் போன் போடுங்க.

கே: கிணறு வெட்டும்போது குடத்தோடு கிடைத்தால்?
- சேர்ந்தமரம் விவசாயி

ப: குடத்தோடு கலெக்டர் ஆபீஸ். 1878ஆம் வருஷப் புதையல் சட்டம், பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே சொல்லியாக வேண்டும் என்கிறது. மறைத்தால் பங்கும் போகும், ஒரு வருஷம் வரை உள்ளே போகவும் நேரும். வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று அடுத்த கேள்வி வரும். 1972 தொல்பொருள் சட்டம் கையைப் பிடிக்கும்.

கே: இந்தத் தேய்ந்த செம்புக்கு என்ன விலை கிடைக்கும்?
- வாசுதேவநல்லூர் வாசகர்

ப: டீ, வடை அளவில் தொடங்கும். விலையைவிட ஒன்று கேட்கிறேன்: எந்த ஊர், எந்தக் கரை, எத்தனை அடி ஆழம், கூட என்ன கிடந்தது? இது தெரிந்தால், பெயரே படிக்க முடியாத காசும் சாட்சி சொல்லும். தெரியாவிட்டால் அழகான ஜஸ்டினியனும் ஊமை. கரூர்ப் பழைய பாத்திரக் கடைகளில் எடைக்குப் போய் உருகிய காசுகள் எத்தனையோ! அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியெடுத்த பிற்கால ரோமக் காசுகளுக்கு மதிப்பு ஏன்? எந்த மண் அடுக்கு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நீங்களும் இன்றைக்கே ஒரு சீட்டில் எழுதி, காசோடு போட்டு வையுங்க. பேனா பத்து ரூபாய்.

கே: பைசாந்தியம் கவிழ்ந்தபோது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?
- தென்காசி மேலவாசல் வாசகர்

ப: கோவில் கட்டிக்கொண்டிருந்தோம். 1446இல் பராக்கிரம பாண்டியர் விசுவநாதர் கோவிலுக்கு வேலை தொடங்கினார். 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது. அங்கே அக்கசாலைக்குப் பூட்டு, இங்கே கொத்தனாருக்குக் கூலி.

கே: எனக்குப் பதினொரு வயது. நிஜ ரோமக் காசை எங்கே பார்க்கலாம் தாத்தா?
- வீரகேரளம்புதூர் மாணவன்

ப: ஏலே, அண்ணாச்சின்னு சொல்லு! பரீட்சை லீவில் அப்பாவோடு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறு. எழும்பூரிலேயே அரசு அருங்காட்சியகம், உள்ளே நாணயப் பகுதி. அம்மா முதலில் தி.நகர் என்பார்கள். அசையாதே.