விராலிமலை மயிலும் அம்பின் வாலும்: மறு இறகு ஒட்டுதல் குறித்து ஓர் ஆராய்ச்சி

புதுக்கோட்டை மாவட்டத்தில் குடைவரைக்கு ஆய்வாளர் உண்டு, கல்வெட்டுக்கு உண்டு, அம்மன் காசுக்கும் உண்டு. அம்பின் வாலுக்குத்தான் நாதியில்லை. இறகு உதிர்ந்த அம்புக்கு மறுபடி இறகு ஒட்டும்போது எந்தப் பறவை, எந்தச் சாய்வு, எந்த ஜிக் (ஒட்டும்போது இறகைப் பிடித்துக்கொள்ளும் கருவி) என்னும் முப்பெரும் வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் களச் சான்றுகள். குடுமியான்மலை மண்டபத்தில் கல்லாய் நிற்கும் மன்மதனுக்குக் கரும்பு வில், மலர் அம்பு. இறகு இல்லை, இருந்தும் குறி தப்பியதாக யாரும் புகார் கொடுத்ததில்லை. விஜயதசமியன்று குதிரை வாகனத்தில் சுவாமி புறப்பட்டு அம்பு போடுகிறாரே, அங்கே அம்பு விழுந்த இடமே இலக்கு. விழுந்ததைப் பொறுக்கக் கூட்டம் முண்டியடிப்பதால் மறு இறகு ஒட்டும் பிரச்சினை எழ வாய்ப்பே இல்லை. மூன்றாவது சான்று வளரி. பிறைபோல் வளைந்து ஒரு முனை மட்டும் கனமாக இருக்கும் இந்த எறி ஆயுதத்தைப் பற்றிப் புதுக்கோட்டை திவான் எழுதிய குறிப்பை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் காணலாம். அதற்கும் இறகு கிடையாது. ஒட்டுகிற தொல்லையை முன்கூட்டியே உணர்ந்து தவிர்த்தவர்கள் நம் முன்னோர் என்று கொள்வதில் பிழையில்லை.

இனிப் பறவை. மாவட்டத்தில் விராலிமலை இருக்க இறகுக்குப் பஞ்சமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது, சட்டம் வேறு மாதிரி. மயில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உள்நாட்டு வணிகத்துக்கு அச்சட்டம் விலக்கு அளித்திருப்பது தோகைக்கு மட்டும். தோகையோ அம்புக்கு ஆகாது. அதன் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளாமல் தனித்தனியே தொங்குபவை. காற்றைப் பிடிக்காது, பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். உதவக்கூடியது பறக்கும்போது செங்கல் நிறத்தில் தெரியும் சிறகின் இறகு. அதற்கு விலக்கு இல்லை. ஆக, அனுமதித்தது பயன்படாது, பயன்படுவதற்கு அனுமதி இல்லை. அரசு அலுவலகப் படி ஏறியவர்களுக்கு இது புதிய அனுபவமாக இராது.

மயிலிறகு அம்பை ஆங்கிலக் கவி சாசர் தம் கதைமாந்தன் ஒருவனின் இடுப்பில் செருகிப் பெருமைப்படுத்தினார் என்பது உண்மை. ஆனால் 1545-இல் வில்வித்தைக்கென்றே ‘டாக்சோஃபிலஸ்’ எழுதிய ரோஜர் ஆஸ்கம், மயிலைத் தள்ளி வாத்துக் கட்சியில் சேர்ந்துவிட்டார். கவிஞரை நம்புவதா, எய்து பார்த்தவரை நம்புவதா?

இன்று வில்லாளர் பெரிதும் நாடுவது வான்கோழி இறகு. மயிலைப் பார்த்துத் தன் சிறகை விரித்ததற்காக மூதுரையில் வசை வாங்கிய அதே வான்கோழி! (வான்கோழி அமெரிக்கப் பறவை, கொலம்பசுக்குப் பிறகுதான் கடல் கடந்தது. அப்படியானால் மூதுரை ஏசியது எந்தப் பறவையை என்பதற்குத் தனி முனைவர் பட்டம் தேவை.) பாட்டில் தோற்ற பறவை அம்பில் வென்றுவிட்டது. மேல்முறையீடு முடிந்தது.

ஆனால் வான்கோழியிலும் ஒரு வம்பு உண்டு. வலச் சிறகின் இறகு ஒரு பக்கம் வளையும், இடச் சிறகினது மறுபக்கம். ஓர் இறகைத் தண்டோடு பிளந்து மேசைமேல் நிறுத்திப் பாருங்கள்; வளைவு கண்ணுக்கே தெரியும். ஒரே அம்பில் இரண்டையும் கலந்தால் ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் அம்பைச் சுழற்றப் பார்க்கும். கூட்டணி ஆட்சியின் பௌதிகம் இதுவே.

சாய்வில் மூன்று கட்சிகள். நேர்க்கட்சி இறகை அம்பின் தண்டுக்கு இணையாக ஒட்டும். சாய்வுக்கட்சி ஓரிரு பாகை சாய்க்கும். முறுக்குக்கட்சி இறகைத் தண்டின்மேல் கொடிபோல் சுற்றவிடும். முறுக்கு கூடினால் அம்பு சீக்கிரம் சுழன்று நிலைப்படும், ஆனால் காற்றுத் தடையால் வேகம் குறையும். 18 மீட்டர் உள்ளரங்கில் அது வரம், 70 மீட்டரில் வட்டிக்கடன். இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் தகடான ‘வேன்’ மழைக்கு அஞ்சாது. ஆனால் மரவில்லின் பக்கவாட்டில் உரசினால் விறைத்துத் துள்ளி அம்பைத் தள்ளிவிடும். இறகு மடிந்து வழிவிடும்.

ஜிக்கில், பிட்சன்பர்கர் உலோக ஜாதி. ஒரு சமயத்தில் ஓர் இறகு. ஒட்டி, பசை காயும்வரை காத்து, குமிழை 120 பாகை திருப்பி அடுத்தது. ஒரு டஜன் அம்புக்கு முப்பத்தாறு காத்திருப்புகள். டீக்கடைக்குப் பக்கத்தில் வசிப்போருக்கு உகந்தது. கிளாம்பை மாற்றினால் நேர், வலமுறுக்கு, இடமுறுக்கு எல்லாம் இதிலேயே முடியும். அரிசோனா ஜிக் மூன்று இறகையும் ஒரே பிடியில் ஒட்டிவிடும்; ஆனால் ஒவ்வொரு முறுக்குக்கும் தனி ஜிக் வாங்க வேண்டும். எதுவானாலும், தண்டில் கை எண்ணெய் படிந்திருந்தால் எந்தப் பசையும் நிற்காது; துடைக்காமல் ஒட்டிவிட்டு ஜிக்கைத் திட்டுவது ஊர் வழக்கம்.

முடிபு: மரவில், குறுந்தூரம் என்றால் ஒற்றைக் கிளாம்ப் ஜிக், வலமுறுக்கு, வலச் சிறகு வான்கோழி இறகு மூன்று. வாங்கும்போது வலமா இடமா என்று கேட்டு வாங்குங்கள். கலந்து கட்டியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.