புரோக்கர் தவிர்க்கவும்

நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு தெரு நடந்தால் போதும், நேரடி ஓனர் ஒருவராவது கண்ணில் படுவார். வேட்டி, கை வைத்த பனியன், கையில் செல்போன். கேட்டருகே நின்றுகொண்டு, போகிற காரெல்லாம் வேகத்தைக் குறைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்கும். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் அமெரிக்கா போனபோது, பூட்டின வீட்டை எவனாவது போலிப் பத்திரம் போட்டு விற்றுவிடுவானோ என்று பயந்து 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல' என்று எழுதி மாட்டியது. இப்போது விற்க வேண்டும். புதுப் பலகைக்கு எதற்குத் தண்டச் செலவு? 'அல்ல' மீது மட்டும் பெயிண்ட் அடித்துவிட்டார். கீழே கொஞ்சம் இடம் மீந்ததால் சிவப்பு எழுத்தில் 'புரோக்கர் தவிர்க்கவும்' சேர்ந்தது. வெயிலில் பெயிண்ட் வெளுக்க வெளுக்க அந்த 'அல்ல' மெதுவாக எட்டிப் பார்க்கிறது.

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் புலி. வீட்டுக்கு அவர் போட்டிருக்கும் விலை இரண்டு கோடி. புரோக்கருக்கு இரண்டு சதவீதம் என்றால் நாலு லட்சம். "என் வீட்டு சாவி, என் வீட்டு கதவு. அதத் திறந்து காட்டறதுக்கு இன்னொருத்தனுக்கு நாலு லட்சமா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி என்றுதான் கேட்கிறவர்களுக்கும் தோன்றும். பலகை மாட்டி இரண்டு ஆடி போய்விட்டது. இரண்டு கோடியை அவர் வேலை பார்த்த வங்கியிலேயே ஏழு சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வருடத்துக்குப் பதினாலு லட்சம் வட்டி வந்திருக்கும். ஊரார் கடனுக்கெல்லாம் பைசா விடாமல் வட்டி போட்ட மனிதர், இந்த ஒரு கணக்கை மட்டும் போட மாட்டார்.

பலகையோடு விளம்பரமும் கொடுப்பார். அது வந்த முதல் வாரம் போன் ஓயாது. அத்தனையும் புரோக்கர்கள். 'தவிர்க்கவும்' என்ற சொல்லை அவர்கள் அழைப்பிதழாகத்தான் படிக்கிறார்கள். ஒருவர் "நான் புரோக்கர் இல்ல சார், மீடியேட்டர்" என்பார். இன்னொருவர் கன்சல்டன்ட். மூன்றாமவர் தன் மைத்துனருக்காகக் கேட்பார், விசாரித்தால் அந்த மைத்துனருக்கு ஊரில் பாதிப் பேர் மைத்துனர்கள். "ரெடி கேஷ் பார்ட்டி கையில இருக்கு சார், இன்னைக்கே டோக்கன் போட்டுடலாம்" என்பவரிடம் நேரடி ஓனர் பத்து நிமிடம் பேசி, பார்ட்டி யார், எங்கே வேலை, என்ன பட்ஜெட் என்று எல்லாவற்றையும் கறந்துகொண்டு, கடைசியில் "நாங்க நேரடியாத்தான்" என்று வைத்துவிடுவார். அதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

இரண்டாவது வாரம் மனிதர்கள் நேரில் வர ஆரம்பிப்பார்கள். இவர்களில் பெரும்பகுதி அதே தெருக்காரர்கள். அவர்களுக்கு வீடு வேண்டாம், விலை வேண்டும். இந்த வீடு இரண்டு கோடி என்றால் கார்னர் மனையில் இருக்கிற நம் வீடு என்ன போகும் என்று காபி குடித்துக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போடுவார்கள். "எவ்வளவு சொல்றீங்க?" என்பார்கள். சொன்னதும், "கம்மியா சொல்றீங்களே சார்!" என்று அங்கலாய்ப்பார்கள். வாங்குகிற எண்ணமே இல்லாதவனுக்கு எந்த விலையும் கம்மிதான். நேரடி ஓனருக்கு இந்தப் பேச்சு தேனாய் இனிக்கும். அவர்கள் போன பிறகு, நாட்காட்டியில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எண்ணைக் குறித்துக்கொள்வார்.

நிஜமாகவே வாங்க வருகிறவர்களும் உண்டு. அவர்கள்தான் பாவம். மற்றவர்கள் வீட்டை வாசலிலிருந்து காட்டுவார்கள், இவர் அஸ்திவாரத்திலிருந்து காட்டுவார். எத்தனை அடி தோண்டியது, அன்றைக்கு மேஸ்திரி என்ன சொன்னார், இவர் அதற்கு என்ன பதில் சொன்னார், கருங்கல் எங்கிருந்து லாரியில் வந்தது, கம்பி எத்தனை எம்எம். பிறகு சுவரைத் தட்டிக் காட்டி, "பாலாத்து மணல் சார். இன்னைக்கு நீங்க தலைகீழா நின்னாலும் கிடைக்குமா? எல்லாம் எம்-சாண்ட்" என்பார். வந்தவர் மனைவி குளியலறையைப் பார்க்க வேண்டும் என்று அரைமணி நேரமாக நின்றுகொண்டிருப்பார். சுற்றிப் பார்க்கும் வழியில் இன்னும் லிண்டல் மட்டம்கூட வந்திருக்காது.

சென்னையில் வீடு பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு கேள்வி கேட்பார். "2015-ல தண்ணி வந்துதா சார்?" இந்த ஊரில் வில்லங்கச் சான்றுக்கு அடுத்த ஆவணம் அதுதான். நேரடி ஓனரிடம் பதில் தயார். "தெரு முனை வரைக்கும் வந்துது. நம்ம பக்கம் மேடு." சென்னையில் எந்தத் தெருவில் கேட்டாலும் தண்ணீர் தெரு முனை வரைதான் வந்திருக்கும். முனைகளில் மட்டும் பெருக்கெடுத்து ஓடிய வெள்ளம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். உள்ளிருந்து வீட்டம்மாவின் குரல் வரும். "ஏங்க, ஃபிரிட்ஜ் மிதந்துச்சே, அத சொல்லிட்டீங்களா?" கூடத்து மூலையில் இரும்பு பீரோ ஏன் சுவரை ஒட்டாமல் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கிறது என்பது வந்தவருக்கு அப்போது விளங்கும். புரோக்கர் கூட வந்திருந்தால், அம்மாவை அந்த நேரம் பார்த்து மொட்டை மாடிச் சாவி எடுக்க அனுப்பியிருப்பார்.

வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றுவார். ஈசானியத்தில் மாடிப்படி இருப்பதாக முகம் சுளிப்பார். "இந்தப் படியில இறங்கித்தான் என் ரெண்டு பொண்ணுங்களும் மணவறைக்குப் போனாங்க" என்று நேரடி ஓனர் குரலை உயர்த்துவார். அது விலையில் ஒரு ரூபாயைக்கூட ஏற்றாது, இறக்கவும் இறக்காது.

பிறகு ஒருநாள் பில்டர் வருவார்.

பில்டர் செருப்பைக் கழற்ற மாட்டார். உள்ளே வந்தால்தானே கழற்றுவதற்கு! தெருவின் அகலத்தைக் காலடியால் அளப்பார். "பத்திரத்துல ரோடு எத்தனை அடி சார்? மனை நாப்பதுக்கு அறுபதா?" ஆமாம், ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. அவருக்கு அது போதும். 2019-இல் வந்த கட்டட விதிகளின்படி உயரம் குறைந்த கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பது, இரண்டு. 2,400 இரண்டால் பெருகி 4,800 ஆகி, அதை அவர் மனசுக்குள் ஃபிளாட் ஃபிளாட்டாக நறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நேரடி ஓனர் கதவைத் தடவியபடி நிற்பார்.

"உள்ள வந்து பாருங்க. நிலை, ஜன்னல் எல்லாம் பர்மா தேக்கு."

"அத நீங்களே எடுத்துக்கலாம் சார். இடிக்கறதுக்கு முன்னாடி போன் பண்ணிச் சொல்றேன்."

அன்று மதியம் நேரடி ஓனர் சாப்பிட மாட்டார். அதிக விலை சொன்னவர் அந்த பில்டர்தான் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் பாலாற்று மணலையும் பர்மா தேக்கையும் ஒரு வார்த்தையில் பூஜ்யமாக்கிவிட்டான். இந்தப் பேட்டைகளில் தனி வீடு என்று விற்பனைக்கு வருவதெல்லாம் வாங்குகிறவனுக்கு மனைதான். மேலே நிற்கும் கட்டடம் அவனுக்கு இடிப்புச் செலவு. விற்கிறவரோ மனையைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டார், கட்டடத்தைப் பற்றியே பேசுவார். ஒருவர் இல்லாத ஒன்றை விற்கிறார், மற்றவர் காட்டாத ஒன்றை வாங்குகிறார். அந்த இரண்டு சதவீதம் எதற்கு என்று யோசித்தால் எனக்கு இங்கேதான் பிடிபடுகிறது. புரோக்கர் நடுவில் நின்றிருந்தால் ஓனரிடம், "பார்ட்டி ரசிச்சுப் பார்த்தாங்க சார், இப்படி ஒரு வேலைப்பாடு இப்ப ஏதுன்னு சொன்னாங்க" என்றிருப்பார். பில்டரிடம், "பெரியவர் கதை சொல்வாரு, தலையாட்டிட்டு வந்துடுங்க" என்றிருப்பார். இரண்டு பேரில் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமல் இருப்பதற்குத்தான் அந்தக் காசு.

புரோக்கர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஓனர் சொன்ன விலைக்கு மேலே பத்து லட்சம் ஏற்றி வைத்து நடுவில் சாப்பிடுகிறவர் உண்டு. ஒரே சாவியை ஆறு பேருக்குக் கைமாற்றி, கடைசியில் ஆறு பேரும் கமிஷனுக்கு வந்து நிற்பதும் உண்டு. நேரடி ஓனருடைய கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தோடு அவரே அந்த வேலையைச் செய்யப் பார்ப்பதுதான் வேடிக்கை.

உதாரணத்துக்குப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கம், கட்டட அனுமதி, சொத்து வரி ரசீது எல்லாவற்றையும் ஃபைலில் வரிசையாக அடுக்கி, தாய்ப்பத்திரத்தை லேமினேட்டும் செய்து வைத்திருப்பார். அந்த ஃபைல் பீரோவை விட்டு வெளியே வருவதில்தான் சிக்கல்.

"லீகல் ஒப்பீனியனுக்குக் கொடுக்கணும் சார், ஒரு செட் ஜெராக்ஸ் கொடுங்க."

"டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டு வாங்கிக்கோங்க."

"டாக்குமெண்ட் பார்க்காம எப்படி சார் அட்வான்ஸ்?"

"அட்வான்ஸ் இல்லாம எப்படி சார் டாக்குமெண்ட்?"

இருவர் பேச்சிலும் தப்பில்லை. அதனால்தான் அது முடியவே முடியாது. கடைசியில் பெரிய மனது பண்ணி பத்திரத்தைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு காட்டுவார், சர்வே எண் மேல் கட்டைவிரலை வைத்தபடி.

இதையும் தாண்டி வருகிறவர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்துவார். முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக ஒன்பது. இரண்டு கோடிக்குப் பதினெட்டு லட்சம். "கைடுலைன் வேல்யூவுக்குப் பத்திரம் போட்டுக்கலாமே சார், மீதி கையில..." என்று இழுப்பார். நேரடி ஓனர் எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி பதில் சொல்வார். "சொத்து விக்கும்போது இருபதாயிரம் ரூபாய்கூட ரொக்கமா வாங்கக் கூடாது சார்! முழுசும் வெள்ளை! ஒரு பர்சன்ட் டிடிஎஸ் பிடிச்சு நீங்க கட்டணும், எனக்குச் சர்டிஃபிகேட் தரணும்!" சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அவர் நேர்மையும் மெய்தான். மூலதன ஆதாய வரிக்கு 12.5 சதவீதமா, பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதமா, எது லாபம் என்று இரண்டு வழியிலும் கணக்குப் போட்டு ஃபைலில் வைத்திருக்கிறார். நடக்காத விற்பனைக்கு இவ்வளவு ஒழுங்காக வரிக் கணக்கு எழுதினவர் இந்த மாநிலத்திலேயே இருக்க மாட்டார்.

நாட்களும் அவருக்கு அனுகூலமாக இல்லை. ஆடியில் யாரும் வீடு பேச மாட்டார்கள். மார்கழியிலும் அப்படியே. ஐப்பசி, கார்த்திகையில் மழை, தெரு முனையில் தண்ணீர் நிற்கும் என்பதால் அவரே யாரையும் வரச் சொல்ல மாட்டார். மிச்ச மாதங்களில் ராகு காலம், எமகண்டம், அவருடைய மதியத் தூக்கம் எல்லாம் போக, ஒரு வீட்டை விற்பதற்கு இந்தப் பஞ்சாங்கம் விட்டு வைத்திருக்கும் நேரம் மிகக் கொஞ்சம்.

இத்தனையையும் மீறி ஒரு தை மாதத்தில் இளம் தம்பதி ஒன்று வந்தது. அஸ்திவாரக் கதையைக் கேட்டது. தேக்கைத் தொட்டுப் பார்த்தது. ஃபிரிட்ஜ் மிதந்த கதையை வீட்டம்மாவிடமே உட்கார்ந்து விவரமாகக் கேட்டுச் சிரித்தது. இடிக்கப் போவதில்லை, கீழே பெற்றோர், மேலே தாங்கள் என்று திட்டம். வங்கிக் கடன் தயார். கடைசியில் அந்தப் பையன், "நீங்க சொன்ன விலை ஓகே சார்" என்றான்.

நேரடி ஓனருக்கு முகம் சுருங்கிவிட்டது. இப்படி நடக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கோடி என்றதும் பேரம் பேசாமல் சரி என்கிறான் என்றால், இரண்டே கால் என்றிருந்தாலும் சரி என்றிருப்பானே! இருபத்தைந்து லட்சம் போச்சு. எடுத்துக்கொண்டு போனவன் எதிரிலேயே உட்கார்ந்து காபி குடிக்கிறான். "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்" என்றார். "ரெண்டு வருஷமா வித்துடுங்கன்னு அவன்தான கத்திக்கிட்டு இருக்கான்" என்று வீட்டம்மா சொன்னதை அந்தத் தம்பதியும் கேட்டார்கள். இரண்டு வாரம் காத்திருந்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள்.

தெரு முனையில் ஒரு டீக்கடை. அங்கே தினமும் மாலை ஒரு புரோக்கர் உட்கார்ந்திருப்பார். இருபது வருடமாக இந்தப் பேட்டையில் தொழில். நேரடி ஓனர் அவரைத் தன் கேட்டுக்குள் விட்டதே கிடையாது. டீக்கடை பெஞ்சு வேறு விஷயம்.

"இப்ப நம்ம பக்கம் கிரவுண்டு என்ன போகுது?"

புரோக்கர் யோசிக்கவே மாட்டார். வீட்டுக்காரரிடம் விலையைக் குறைத்துச் சொன்ன புரோக்கர் எங்கேயும் கிடையாது. "ரெண்டே கால் தாராளமா போகும் சார். உங்க தெருவுக்கு மேலயே கேக்கலாம்."

மறு வார விளம்பரத்தில் இரண்டே கால் கோடி என்று வந்தது. புரோக்கர் தவிர்க்கவும் என்ற வரி அப்படியே இருந்தது. டீக்கு அன்றைக்கும் புரோக்கர்தான் காசு கொடுத்தார்.